லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டவருக்கு வந்த பதில்

பரிசீலனை என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அவர்கள் பாவம், வாய் நிறையக் கூப்பிடுகிற மாதிரி நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். அவர் நீதி அமைச்சகத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அமைச்சர் சார்பில் பதில் எழுதுகிற பிரிவில் போய் உட்கார்ந்த பிறகு, அந்தப் பெயர் இருந்த இடம் தெரியவில்லை. ஆபீசில் பரிசீலனை, தெருவில் பரிசீலனை, கட்டின பெண்டாட்டிக்கும் பரிசீலனை. கோபம் வந்தால் மட்டும் அவள் "பரிசீலனையாரே" என்று மரியாதை கொடுப்பாள்.

அந்த வேலை லேசுப்பட்டது இல்லை. கேட்டவருக்குக் கோபமும் வரக்கூடாது, விஷயமும் தெரியக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது, ஏனென்றால் சபையில் பொய் சொன்னால் அமைச்சர் தலை உருளும். அப்படியென்றால் என்ன சொல்வது? அதுதான் அவர் திறமை. "உயர் நீதிமன்றங்களில் ஏன் இத்தனை நீதிபதி இடங்கள் காலியாகக் கிடக்கின்றன?" என்று ஒருவர் கேட்டால், காலியிடம் என்பது எப்படி உண்டாகிறது, அதை நிரப்புவது எவ்வளவு நீண்ட வேலை, அதில் யார் யாருக்கெல்லாம் பொறுப்பு உண்டு என்று ஒரு பக்கம் எழுதி, கடைசியில் "பரிசீலனையில் உள்ளது" என்று முடிப்பார். படித்து முடித்தவருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். எழுந்து நின்று பார்த்தால் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரியும்.

கை பழகினால் வாயும் பழகிவிடும் போலிருக்கிறது. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்டால், கடந்த வாரத்தோடு ஒப்பிடும்போது முன்னேற்றம் தெரிகிறது என்பார். குளியலறைக் குழாய்க்கு ஆள் எப்போது வருவார் என்றால், உரிய நேரத்தில் வருவார். "உரிய நேரத்துல கீழ் வீட்டுக்காரன் குடையோட வந்து நிப்பான்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வந்தும் நின்றான்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மனிதர் நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார். அதுவும் தானாகச் சொன்னதில்லை, மிரட்டி வாங்கினது. கல்யாணப் பேச்சு எடுத்த அன்று மனைவியின் அண்ணன், அப்போது இளம் வக்கீல், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தங்கச்சியைக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா என்று கேட்டார். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொள்கை அளவில் தமக்கு மறுப்பு இல்லை என்றும், மற்ற அம்சங்களையும் கருத்தில் கொண்டு என்றும் இழுக்க ஆரம்பித்தார். பெண் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இஷ்டமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மாப்பிள்ளை."

அந்தக் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்கிறார்கள். பரிசீலனைக்குத் தூக்கிவாரிப் போட்டது, "இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைப் பதில் எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததாகத் தகவல் இல்லை.

அந்த மச்சானுக்கு வக்கீல்கள் மத்தியில் இடிமுழக்கம் என்று பெயர். கூண்டில் நிற்கிற சாட்சி எவனாவது சுற்றி வளைத்தால், "ஒரே வார்த்தை" என்று ஒரு அதட்டுப் போடுவார். பக்கத்துக் கோர்ட்டில் நிற்கிற சாட்சியும் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடுவானாம். வேலை போனவன், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன், கூலி கிடைக்காதவன், எல்லாரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள். வீட்டில் எப்போது பார்த்தாலும் ஆளும் பேச்சும் சத்தமும்தான். அவர் மனைவி, அதாவது அண்ணி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் சமைப்பேன் என்று கேலி செய்வாள்.

இப்படிப்பட்ட மனிதர் பெயரைத்தான் மூத்த நீதிபதிகள் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிந்துரை செய்தார்கள். செய்தி கசிந்த அன்று குடும்பமே தரையில் கால் பாவாமல் நடந்தது. அடுத்த மாதமே வந்துவிடும் என்றார்கள். தையற்காரர் வீட்டுக்கே வந்து கறுப்பு அங்கிக்கு அளவெடுத்துக்கொண்டு போனார். அங்கி வந்துவிட்டது. பதவிதான் வரவில்லை.

ஒரு வருஷம் போனது, இரண்டு போனது, அதற்கு மேலும் போனது. அங்கி அலமாரியில் தொங்கியது. அதைவிட மோசமாக மச்சான் தொங்கினார். நீதிபதியாகப் போகிறவர் அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடலாமா? கூடாது. கட்சிக்காரர் பெரிய புள்ளி என்றால்? வேண்டாம், நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள். தெருக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசலாமா? ஐயோ, வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றாக விட்டு விட்டு, கடைசியில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிற வேலைதான் மிஞ்சியது. குரலும் இறங்கிவிட்டது. கோர்ட் கேன்டீனில் இடிமுழக்கம் என்ற பெயரை எடுத்துவிட்டு, "வருங்காலம்" என்று வைத்துவிட்டார்கள். "வருங்காலம் வராரு, இடம் விடுங்கப்பா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார்.

வீட்டில் அதற்கு மேல். அண்ணிக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் குப்பைத் தொட்டி விஷயமாகச் சண்டை வந்தபோது மனுஷன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, தாம் ஒரு தரப்பின் கணவர் என்பதால் இதில் கருத்துச் சொல்வது முறையாகாது என்று உள்ளே போய்விட்டார். அண்ணி இரண்டு நாள் அவருக்குத் தட்டு வைக்கவில்லை. அவள் பரிசீலனையின் மனைவியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னது இதுதான்: "சத்தம் போடுற மனுஷன்தாண்டி எனக்கு வேணும். இது யாரோ மாதிரி இருக்கு. பஞ்சை எடுத்துட்டேன், கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை."

இப்போது பரிசீலனையின் நிலைமையைப் பாருங்கள். மச்சானின் பெயர் போய் உட்கார்ந்திருப்பது அவருடைய அமைச்சகத்தில். சபையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பதில் எழுதுவதும் அவரே. மனைவி சும்மா விடுவாளா? எங்க அண்ணனைத்தானே நீங்க அங்க பரிசீலிச்சுக்கிட்டே இருக்கீங்க, இன்னும் எவ்வளவு நேரம் பரிசீலிப்பீங்க, துணியா ஊறவெச்சிருக்கீங்க என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்பாள். உண்மையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. நியமன வேலை வேறு பிரிவு. அவர் பிரிவில் பதில் மட்டும்தான்.

தெரியாதவரைக்கும் நிம்மதியாக இருந்தார். ஒரு நாள் பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லை, கொஞ்சம் கைகொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனார். திரும்பிப் போக வேண்டிய கோப்புகள் மேஜையில் குவிந்திருந்தன. நாடா சுற்றி முடிச்சுப் போட வேண்டியதுதான் வேலை. பாதியில், மேலட்டையில் மச்சான் பெயர் இருந்தது. ஏற்கப்படவில்லை, திருப்பி அனுப்புக. காரணம் எதுவும் இல்லை. முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டார். மூன்றாவது தடவை விழுந்தது.

வெளியே சொல்லக்கூடாது, அது விதி. அரசாங்கமும் சொல்லாது, அது வழக்கம். பெயர் திரும்பிவிட்டது என்று சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல யாருக்குமே கடமை கிடையாது. அவர்பாட்டுக்கு அங்கியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அன்று சாயங்காலம் மனைவி வழக்கம்போலக் கேட்டாள். பரிசீலனையில் இருக்கு என்றார். இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார், அது முழு உண்மையாக இல்லாமல் இருந்திருக்கலாம், பொய்யாக இருந்ததில்லை. இப்போதுதான் முதல் முறை பொய். 

அதுவே போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த பெண்களை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார்களாம். அரசாங்க ஆஸ்பத்திரி. அந்தப் பெண்கள் இரண்டு தடவை அவர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். வேறு வக்கீல் யாரும் எடுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மனு போடாவிட்டால் கெடு முடிந்துவிடும். எடுத்தால் அரசாங்கத்தை எதிர்த்து நிற்க வேண்டும். எடுத்தால் நீதிபதி பதவி கைவிட்டுப் போகும்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட கேக்கக்கூடாது. தெரியும். கேக்காமலேதான் இருந்தேன்." குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. "நான் இன்னும் காத்திருக்கலாமா? அது மட்டும் சொல்லுங்க."

பரிசீலனை வாயைத் திறந்தார். நியமனம் என்பது பல கட்டங்கள் கொண்டது என்றும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கால அளவு இருக்கிறது என்றும், பொதுவாகப் பார்க்கும்போது என்றும் ஏதேதோ வந்தது. நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போனார். மச்சான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதட்டவே இல்லை. ஒரே வார்த்தை என்று கேட்கவே இல்லை. அதுதான் பரிசீலனையால் தாங்க முடியவில்லை. எழுந்து போகும்போது, "உங்க வேலை அப்படி, நான் புரிஞ்சுக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மனைவி அன்று ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரம் புதன்கிழமையே சபையில் நீதிபதிகள் நியமனம் கேள்விக்கு வந்தது. முக்கியக் கேள்விக்குப் பதில் முன்னாடியே அச்சாகிவிடும். தொல்லை அதற்குப் பிறகு வருகிற துணைக் கேள்விகள்தான். உறுப்பினர்கள் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். அதனால் இன்னின்னதெல்லாம் கேட்கக்கூடும் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். சபையில் அமைச்சருக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு, அதற்குப் பின்னால் அதிகாரிகள். கேள்வி வந்ததும் அமைச்சர் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். சரியான சீட்டைக் கையில் வைக்க வேண்டியது பரிசீலனையின் பொறுப்பு. அமைச்சர் தங்கமான மனுஷன், கம்பீரமான குரல், கையில் வைத்ததை அப்படியே வாசிப்பார். ஒரு தடவை சீட்டின் அடியில் இருந்த "பின்பக்கம் பார்க்க" என்பதையும் சேர்த்து முழங்கினார். சபைக் குறிப்பில் அதுவும் ஏறியிருக்கிறது.

பரிசீலனை வழக்கமான சீட்டுகளை எழுதினார். பெண் நீதிபதிகள் குறைவாக இருப்பது, வழக்குகள் தேங்குவது, கோர்ட் கட்டடத்தில் ஒழுகல், லிஃப்ட் பழுது. எல்லாம் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். இன்னொரு சீட்டு எழுதினார். அதில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. போன வருஷத்துக்கு முன் வந்த பரிந்துரைகளில் இன்றைக்கு ஒன்றுகூட நிலுவையில் இல்லை. நியமனம் ஆகாத பெயர்கள் அனைத்தும் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை. அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை, அத்தனையும் உண்மை. அவர் எழுதினதிலேயே சின்னப் பதில் அதுதான்.

மேலதிகாரி சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்து அதில் நின்றார். இது என்னய்யா மொட்டையாக இருக்கிறது, இதை யாராவது கேட்பார்களா என்றார். கேட்க வாய்ப்புக் குறைவு சார் என்றார் பரிசீலனை. அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை சபை கூடியது. பரிசீலனை மரத்தடுப்புக்குப் பின்னால் சீட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. இந்தப் பேச்சு வரும் நாளெல்லாம் அவர் அந்த நேரடி ஒளிபரப்பை விட்டதில்லை. யாராவது ஒருத்தர் கேட்டுத் தொலைக்க வேண்டுமே என்று பரிசீலனைக்கு உள்ளூர ஒரே தவிப்பு. பரிந்துரை ஆனவர்கள் கதி என்ன? நாலு வார்த்தைதானே, கேட்டால் என்ன குறைந்துபோகும்?

முதலில் எழுந்தவர் காலியிடங்களைப் பற்றி ஆவேசமாகப் பேசிவிட்டு, கேள்வியைக் கேட்க மறந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கும் அமைச்சர் பதில் சொன்னார். அடுத்தவர் பெண் நீதிபதிகளைப் பற்றி நன்றாகத்தான் கேட்டார். சீட்டு போனது, கருத்தில் கொள்ளப்படும் என்று வந்தது. இன்னொருவர் தாம் சட்டம் படித்த காலத்து நினைவுகளை எடுத்துவிட, சபாநாயகர் மணியடித்தார். கேள்வி நேரம் முடியப் போகிறது, இதுதான் கடைசி என்றார். பரிசீலனை நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒரு வயதான உறுப்பினர் மெல்ல எழுந்தார். முழங்கால் வலிக்காரர். உயர் நீதிமன்றத்தில் லிஃப்ட் பல மாதமாக ஓடவில்லை, மாடியேற முடியாமல் ஜனங்கள் படுகிற பாடு அமைச்சருக்குத் தெரியுமா, அது எப்போது சரியாகும் என்று கேட்டார்.

அமைச்சரின் கை பின்னால் நீண்டது.

லிஃப்ட் சீட்டு பரிசீலனையின் வலது கையில் தயாராக இருந்தது. அந்த மொட்டைச் சீட்டு மடியில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டு மாறினதில்லை. அமைச்சர் விரல்களை ஆட்டினார், சீக்கிரம் என்று அர்த்தம். பரிசீலனை லிஃப்ட் சீட்டைப் பாதி நீட்டி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சோபா நுனியில் உட்கார்ந்திருந்த உருவம் கண்ணில் வந்தது. மடியில் கிடந்ததை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அமைச்சர் எழுந்து, கணீரென்று, நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஒன்றுகூட நிலுவையில் இல்லை. அனைத்தும் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. தெரிவிக்கும் வழக்கம் இல்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பரிசீலனை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது எழுந்து கூச்சல் போடப் போகிறார்கள், வேலை போகப் போகிறது, குழாய்க்கு ஆள் பார்த்திருக்கலாம், எல்லாம் போச்சு. முழங்கால் வலிக்காரர் கையைக் குவித்து, அமைச்சரின் விரிவான பதிலுக்கு நன்றி என்றார். ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. சபை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது, அதற்கு முக்கால்வாசிக் காரணம் பரிசீலனையேதான்.

பக்கத்தில் இருந்த மேலதிகாரி மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பினார். லிஃப்ட் என்னய்யா ஆச்சு என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கு சார் என்றார் இவர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மனைவி போனை நீட்டினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. அண்ணன், என்று மட்டும் சொன்னாள். பரிசீலனை போனை வாங்கினார். ஒரு மனுஷனுடைய இத்தனை வருஷக் கனவை ஒரு துண்டுச் சீட்டில் முடித்துவிட்டு வந்து நிற்கிறோம், திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று போனைக் காதில் வைத்தார்.

"டிவி பார்த்தேன்" என்றார் மச்சான். அதே சின்னக் குரல். "அந்த லிஃப்ட் கேட்ட பெரியவருக்குப் பதில் கிடைக்கலை போலிருக்கே."

"ஆமா மச்சான். அது வந்து, சபையில சில சமயம் நேரம் குறைவா இருக்கறப்ப, பொதுவா என்ன ஆகும்னா..."

"மாப்பிள்ளை."

இவர் நிறுத்தினார்.

"அந்தச் சீட்டு கை தவறிப் போச்சா?"  பிறகு அந்தப் பழைய குரல் வந்தது. "ஒரே வார்த்தையில சொல்லுங்க."

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவி காதிலும் அது விழுந்தது, அவள் கையிலிருந்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பரிசீலனை அவளைப் பார்த்தார். சுற்றி வளைக்க எத்தனையோ வார்த்தைகள் இருந்தன, எல்லாம் அவர் சொந்தச் சரக்கு. ஒன்றையும் எடுக்கவில்லை.

"இல்லை."

 மச்சான் அழுகிறாரா என்று இவருக்குப் பயம் வந்துவிட்டது. அழுதிருக்கவும் கூடும், மனுஷன்தானே. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, பின்னால் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. ஆஸ்பத்திரிப் பெண்கள். வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மனு எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை கெடு, நான் வைக்கிறேன் என்றார் மச்சான். வைக்க மறந்து போனை மேஜையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

மனைவி வந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அண்ணன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தேதியில வேலையை விட்டு அனுப்பினான், யாரு சொன்னான், நேரா சொல்லும்மா என்று வீடே அதிர்ந்தது. அதற்கு மேலே அண்ணியின் குரல், எங்கே அந்தப் பஞ்சு என்று தேடிக்கொண்டிருந்தது. இவள் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.